பத்துப் பந்தயம் வென்றவருக்குக் கோப்பை இல்லை: நாஸ்கார் சாம்பியன் விதியும் ரசிகர்களின் கோபமும்

2025 நவம்பர் 2, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உள்ள ஃபீனிக்ஸ் தடத்தில் நாஸ்கார் கப் தொடரின் கடைசிப் பந்தயம். நாஸ்கார் என்பது, சாலைக் கார் வடிவிலான 'ஸ்டாக் கார்' பந்தயங்களை நடத்தும் அமெரிக்க அமைப்பு; கப் அதன் முதன்மைத் தொடர். அன்றைய விதிப்படி, கோப்பைக்கு மோதும் நால்வர் சமப் புள்ளியோடு இந்தப் பந்தயத்துக்கு வருவார்கள், அவர்களில் அன்று முன்னால் வருபவர் சாம்பியன். டென்னி ஹாம்லின் 208 சுற்றுகள் முன்னிலையில் ஓடியிருந்தார். இன்னும் மூன்றே சுற்றுகள் தாண்டினால், இருபது வருடமாகக் கைக்கு எட்டாத கோப்பை அவருக்கு. அந்த நேரம் பார்த்து வில்லியம் பைரனின் டயர் போய், கார் சுவரில் மோதியது. மஞ்சள் கொடி விழுந்து பந்தயம் மெதுவானது. எல்லாரும் டயர் மாற்ற பிட்டுக்குள் வந்தார்கள். ஹாம்லின் அணி நான்கு டயரையும் மாற்றியது, கைல் லார்சன் அணி இரண்டை மட்டும் மாற்றி அனுப்பியது. கூடுதலாக ஓட்டப்பட்ட சுற்றுகளில் லார்சன் மூன்றாவது, ஹாம்லின் ஆறாவது. பந்தயத்தை வென்றவர் ரயன் பிளேனி. சாம்பியன் லார்சன். அன்று அவர் ஒரு சுற்றுகூட முன்னால் ஓடவில்லை. மே மாதத்துக்குப் பிறகு எந்தப் பந்தயத்தையும் வென்றிருக்கவுமில்லை.

முந்தின நாள் இதே தடத்தில் இதைவிடக் கொடுமை நடந்தது. நாஸ்காரின் இரண்டாம் நிலைத் தொடரில் (அப்போதைய பெயர் எக்ஸ்ஃபினிட்டி) அந்த ஆண்டு பத்துப் பந்தயங்களை வென்றிருந்த பத்தொன்பது வயது கானர் ஸிலிஷ் வெறுங்கையோடு திரும்பினார். கோப்பை ஜெஸ்ஸி லவ்வுக்கு. அவர் வென்றவை இரண்டே இரண்டு: ஆண்டின் முதல் பந்தயமும் அந்தக் கடைசிப் பந்தயமும். வெள்ளிக்கிழமை நடந்த மூன்றாம் நிலைத் தொடரான டிரக் தொடரில் மட்டும், பதினோரு வெற்றிகளோடு வந்த கோரி ஹைம் கடைசி நேரக் களேபரத்தில் மயிரிழையில் தப்பிச் சாம்பியன் ஆனார்.

ஹாம்லின் அமெரிக்கத் தடங்களில் அதிகம் கூச்சல் வாங்கும் ஓட்டுநர்களில் ஒருவர். அவர் பெயரை அறிவித்தாலே 'பூ' என்று ஊளையிடும் கூட்டம், அன்று அவருக்காகப் பரிதாபப்பட்டது. கோபம் முழுக்க விதியின் பக்கம் திரும்பியது. இரண்டு மாதம் பத்து நாள் கழித்து, 2026 ஜனவரி 12-ஆம் தேதி, நாஸ்கார் அந்த விதியைக் கைவிட்டது.

அந்த விதி முளைத்தது எங்கே, ரசிகர்கள் அதை எப்படி எதிர்கொண்டார்கள், ஒவ்வொரு ஒட்டும் புதிதாக எந்தக் கிழிசலை உண்டாக்கியது என்பதைப் பார்க்கலாம். ரசிகர்களுக்கு மாற்றம் என்றாலே பிடிக்காது என்று நாஸ்கார் தரப்பில் நெடுங்காலம் ஒரு சமாதானம் சொல்லப்பட்டது. இருபத்திரண்டு ஆண்டு வரலாற்றில் அதற்கு ஆதாரம் தேடினால் கிடைக்காது.

ஒரே ஒரு வெற்றி

1975 முதல் 2003 வரை நாஸ்காரில் ஒரே புள்ளி முறைதான். பாப் லாட்ஃபோர்டு என்பவர் வகுத்தது. முதலிடத்துக்கு 175 புள்ளி, இரண்டாம் இடத்துக்கு 170, அப்படியே இறங்கும். ஒரு சுற்றாவது முன்னிலையில் ஓடினால் ஐந்து, அதிகச் சுற்றுகள் முன்னிலையில் ஓடினால் இன்னொரு ஐந்து. கூட்டிப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். வென்றவர் எப்படியும் ஒரு சுற்றாவது முன்னால் ஓடியிருப்பார், ஆக அவருக்கு 180. இரண்டாவதாக வந்தவர் அன்று அதிகச் சுற்றுகள் முன்னிலை வகித்திருந்தால் அவருக்கும் 180. வென்றவனுக்கும் தோற்றவனுக்கும் ஒரே மதிப்பெண்!

வாராவாரம் சொதப்பாமல் ஓட்டுபவனுக்கு ஏற்ற கணக்கு இது. 2003-இல் மாட் கென்செத் மார்ச் மாதம் லாஸ் வேகாஸில் ஒரே ஒரு பந்தயத்தை வென்றார். பிறகு வாரம் தவறாமல் முதல் பத்துக்குள் வந்து வந்தே, ஒரு பந்தயம் மிச்சமிருக்கும்போதே கோப்பையை உறுதி செய்துகொண்டார். அதே ஆண்டு எட்டுப் பந்தயங்களை வென்ற ரயன் நியூமன் ஆறாமிடம். நியூமனின் பெயரை நினைவில் வையுங்கள், இந்தக் கதையில் அவர் இன்னும் இரண்டு முறை வருவார்.

ரசிகர்களும் முணுமுணுத்தார்கள், மறுக்க முடியாது. வெற்றிக்கு இன்னும் கூடுதல் புள்ளி கொடுங்கள் என்பதுதான் பெரும்பாலும் அந்த முணுமுணுப்பு. நாஸ்கார் கேட்டுக்கொண்டது வேறு. இலையுதிர்காலம் வந்தாலே அமெரிக்கக் கால்பந்து தொலைக்காட்சியை விழுங்கிவிடுகிறது, அந்த நேரத்தில் நம்மிடமும் ஒரு பரபரப்பு வேண்டும் என்ற கவலை அதற்கு. வின்ஸ்டன் சிகரெட் நிறுவனம் விலகி, நெக்ஸ்டெல் என்ற தொலைபேசி நிறுவனம் பெயர் சூட்டும் உரிமையோடு வந்த நேரம் அது. பிரையன் ஃபிரான்ஸ் தலைமைப் பொறுப்பேற்ற புதிது. 2004 முதல் 'சேஸ்' வந்தது: 26 பந்தயங்கள் முடிந்ததும் முன்வரிசைப் பத்துப் பேரைத் தனியே எடுத்து, அவர்களின் புள்ளிகளை ஏறக்குறைய சமமாக்கி, கடைசிப் பத்துப் பந்தயங்களில் மோதவிடுவது.

அந்த ஆண்டு ஏப்ரல் 25-ஆம் தேதி அலபாமாவின் டல்லடேகாவில் நடந்ததை இங்கே சொல்லியாக வேண்டும். பந்தயம் முடியச் சில சுற்றுகள் இருக்கையில் ஒரு கார் சுழன்று மஞ்சள் கொடி விழுந்தது. அந்தக் கணத்தில் ஜெஃப் கார்டன், டேல் எர்ன்ஹார்ட் ஜூனியருக்குக் கொஞ்சூண்டு முன்னால் இருந்தார். மறுபடி பச்சைக் கொடி காட்ட நேரமில்லை. கார்கள் ஊர்ந்தபடியே எல்லைக் கோட்டைத் தாண்டின, கார்டன் வென்றதாக அறிவித்தார்கள். அரங்கிலிருந்து பீர் கேன்கள் தடத்தில் மழையாய் விழுந்தன. வெற்றிச் சுற்று வந்த கார்டனின் கார் அந்தக் கேன்களுக்கு நடுவேதான் போனது. கேன் எறிந்தது அநாகரிகம், ஆபத்தும்கூட. ஆனால் அந்தக் கூட்டம் கேட்டது பழைய விதி அல்ல, புதிய விதி. பந்தயத்தைப் பந்தயமாகவே முடி என்றது. ஜூலையில் அது கிடைத்தது. கடைசியில் மஞ்சள் கொடி விழுந்தால் இரண்டு சுற்று கூட்டி ஓட்டும் முறை வந்தது, இன்றுவரை இருக்கிறது, ரசிகர்கள் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்.

2020-இல் வந்த 'சூஸ்' விதியும் அப்படித்தான். மறுதொடக்கத்துக்கு முன், தடத்தில் வரையப்பட்ட குறிக்கு வருகையில், உள்பாதையா வெளிப்பாதையா என்று ஓட்டுநரே தேர்ந்தெடுப்பது. ஊர்ப்புறச் சிறு தடங்களில் ரொம்ப நாளாக இருந்த வழக்கம். பெரிய தொடருக்கு வந்தபோது வரவேற்பே கிடைத்தது. எதிர்மாறாக, 2016-இல் டிரக் தொடரில், இருபது நிமிடம் இடையூறில்லாமல் ஓடினால் கடிகாரம் பார்த்து மஞ்சள் கொடி காட்டுவது என்று ஒரு விதி கொண்டுவந்தார்கள். விபத்து இல்லை, எண்ணெய் சிந்தவில்லை, கடிகாரம் அடித்தது, நிறுத்து. ஒரே ஆண்டில் கைவிட்டார்கள். அதைப் பற்றிப் பேச அதிகமில்லை.

நியூமன் மறுபடியும் வருகிறார்

2013 செப்டம்பர் 7, ரிச்மண்ட். சேஸுக்குள் யார் நுழைவார்கள் என்று தீர்மானிக்கும் பந்தயம். நியூமன் முன்னிலையில் இருந்தார், இப்படியே முடிந்தால் உள்ளே. ஏழு சுற்று பாக்கி. மைக்கேல் வால்ட்ரிப் அணியின் கிளிண்ட் போயர் காதில் அவருடைய அணித் தலைவரின் வானொலிப் பேச்சு: கை வலிக்கிறதா, அங்கே சூடாக இருக்குமே, சொறிந்துகொள் என்கிற பாணியில். உடனே போயரின் கார் தானாகச் சுழன்று நின்றது. மஞ்சள் கொடி, எல்லாரும் பிட்டுக்குள், நியூமன் சில இடங்களை இழந்தார், சேஸில் அவர் இடம் அதே வால்ட்ரிப் அணியின் மார்ட்டின் ட்ரூக்ஸ் ஜூனியருக்குப் போனது.

அந்த வானொலிப் பேச்சை ரசிகர்களே கேட்கலாம். நாஸ்காரில் ஓட்டுநருக்கும் அணிக்கும் நடக்கும் உரையாடலை அரங்கில் உட்கார்ந்தவர்கள் ஹெட்செட் மாட்டிக்கொண்டு பின்தொடர்வது வழக்கம். எனவே மூடி மறைக்க வழியில்லை. இரண்டு நாளில் அணிக்கு மூன்று லட்சம் டாலர் அபராதம், ட்ரூக்ஸ் வெளியே, நியூமன் உள்ளே. அந்தக் குழப்பத்தில் தானும் பாதிக்கப்பட்டதாகக் கருதப்பட்ட ஜெஃப் கார்டனை, அதற்குள் பன்னிரண்டு பேராகியிருந்த பட்டியலில் பதின்மூன்றாவதாகச் சேர்த்தார்கள். அநியாயத்தைச் சரிசெய்ய விதியையே வளைத்த அந்த முடிவு, முதல் அநியாயத்தைவிட அதிகக் கேலிக்கு ஆளானது. ட்ரூக்ஸின் விளம்பரதாரர் அந்த ஆண்டோடு விலகினார். வால்ட்ரிப் அணி 2015-க்குப் பிறகு இல்லை.

இதிலிருந்து நாஸ்கார் படித்த பாடம் விசித்திரமானது. 2014-இல் இன்னும் ஒரு படி ஏறியது: பதினாறு பேர், மூன்று பந்தயத்துக்கு ஒருமுறை நால்வர் வெளியேற்றம், கடைசிப் பந்தயத்துக்கு நால்வர் சமப் புள்ளியோடு. அந்த நால்வரில் அன்று முன்னால் வருபவர் சாம்பியன். முதல் 26 பந்தயங்களில் ஒன்றை வென்றாலே பதினாறுக்குள் இடம் கிட்டத்தட்ட உறுதி. வெற்றிக்கு மதிப்பு கொடுக்கத்தான் இந்த முறை என்றார்கள்.

முதல் ஆண்டே என்ன ஆயிற்று? ஒரு பந்தயமும் வெல்லாத ஓட்டுநர் ஒருவர் கடைசி நால்வரில் வந்து நின்றார். அவர் பெயர் ரயன் நியூமன். எட்டு வெற்றியோடு ஆறாமிடம் போன அதே ஆள். முந்தின வாரம் ஃபீனிக்ஸில், கடைசி வளைவில், ஒரே ஒரு இடத்துக்காக கைல் லார்சனைச் சுவரோடு தள்ளிவிட்டு 11-ஆவதாக முடித்தார். அந்த ஒரு புள்ளியில் ஜெஃப் கார்டன் வெளியேறினார். இறுதிப் பந்தயத்தில் கெவின் ஹார்விக் முதலில் வர, நியூமன் இரண்டாவது. ஹார்விக்கை அவர் முந்தியிருந்தால் அந்த ஆண்டின் சாம்பியன் கணக்கில் ஒரே ஒரு வெற்றி இருந்திருக்கும், 2003-இல் கென்செத்துக்கு இருந்ததைப் போல. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடியவிருந்தது நூலிழையில் தப்பியது.

ஐபிஎல்லில் இருந்தால் தப்பில்லையா?

நம்மூர் வாசகருக்கு ஒரு கேள்வி எழும். லீக் பட்டியலில் முதலிடம் பிடித்த அணி இறுதியாட்டத்தில் தோற்றால் நாம் புலம்புவோமே ஒழிய, முறையே தவறு என்று சண்டைக்குப் போவதில்லை. அமெரிக்கர்களும் கால்பந்திலும் பேஸ்பாலிலும் பிளேஆஃபுக்குப் பழகியவர்கள்தான். பிறகு ஏன் இங்கே மட்டும் இவ்வளவு எரிச்சல்?

கிரிக்கெட் இறுதியாட்டத்தில் இரண்டு அணிகள்தான் மைதானத்தில் இருக்கும். மூன்றாவது அணியின் பந்துவீச்சாளர் நடுவில் ஓடிவந்து யாருக்கும் பந்து வீச முடியாது. கார் பந்தயத்தில் கோப்பைக்கு நால்வர் மோதும்போது, அதே தடத்தில் கோப்பையோடு சம்பந்தமே இல்லாத முப்பதுக்கும் மேற்பட்ட கார்கள் ஓடிக்கொண்டிருக்கும். அவர்களில் எவருடைய டயர் வெடித்தாலும் கணக்கு கலையும். இந்தத் தற்செயல் எல்லாப் பந்தயத்திலும் உண்டு, அதனால்தான் ஸ்டாக் கார் பந்தயத்தில் ஆண்டு முழுவதையும் கூட்டிப் பார்த்தார்கள். 36 பந்தயங்களில் நல்ல நேரமும் கெட்ட நேரமும் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு, ஓட்டியவனின் திறமை மிஞ்சும். ஒரே நாளில் தீர்ப்புச் சொன்னால் தற்செயல் மட்டுமே மிஞ்சும்.

இதை ரசிகர்கள் கணக்குப் போட்டே காட்டினார்கள். பழைய முறைப்படி புள்ளி போட்டால் யார் சாம்பியன் என்ற பட்டியலை ஒவ்வொரு ஆண்டும் யாராவது ஒருவர் தயாரிப்பார். அதன்படி ஜெஃப் கார்டனுக்கு 2004, 2007 கோப்பைகள் வந்திருக்கும். 2006 முதல் 2010 வரை தொடர்ந்து ஐந்து முறை வென்ற ஜிம்மி ஜான்சனின் வரிசை உடைந்திருக்கும். விதி வேறாக இருந்திருந்தால் அவர்கள் ஓட்டியிருக்கும் விதமும் வேறாக இருந்திருக்கும் என்பதால், இந்தப் பட்டியலை வேதவாக்காகக் கொள்ள முடியாது. ஆனால் இருபது வருடம் ஒரு கூட்டம் அதிகாரபூர்வப் பட்டியலுக்குப் பக்கத்திலேயே தனக்கென ஒரு பட்டியல் வைத்திருந்தது என்றால், முதல் பட்டியலை அது நம்பவில்லை என்றுதானே பொருள்?

இந்தக் கூட்டம் பழமைவாதிகளின் மடம் என்ற பேச்சும் அரைகுறைதான். 2010-இல் டிரக் தொடரில் ஒன்பது பந்தயம் மட்டும் ஓட்டிய கோயம்புத்தூர்க்காரர் நரேன் கார்த்திகேயனுக்கு, ரசிகர் வாக்கில் அந்த ஆண்டின் பிரபல ஓட்டுநர் விருது கிடைத்தது. அந்த வாக்குகளில் எத்தனை கோவையிலிருந்து போயின என்பது வேறு கதை!

மார்ட்டின்ஸ்வில் சுவர்

வெளியேற்று முறை உண்டாக்கிய வினோதங்களில் ஒன்றை மட்டும் ரசிகர்கள் கொண்டாடினார்கள். 2022 அக்டோபர் 30, மார்ட்டின்ஸ்வில். அரை மைலுக்குச் சற்றே கூடுதலான சிறு தடம். கடைசிச் சுற்று. இறுதி நால்வரில் நுழைய ராஸ் சாஸ்டெய்னுக்கு இரண்டு இடங்கள் தேவை, முன்னால் போக வழியில்லை. அவர் கியரை ஐந்துக்குத் தள்ளினார், ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தார், ஸ்டியரிங்கை விட்டுவிட்டார். வெளிச்சுவர் காரைத் திருப்பிக்கொண்டு போனது. வளைவில் மற்றவர்கள் பிரேக் போட, இவர் சுவரில் உரசித் தீப்பொறி பறக்க ஐந்து கார்களைத் தாண்டினார். அந்தச் சுற்றின் நேரம் 18.845 விநாடி. அந்தத் தடத்தில் ஸ்டாக் கார் எதுவும் அவ்வளவு வேகமாகச் சுற்றியதில்லை. சின்ன வயதில் வீடியோ கேமில் செய்தது ஞாபகம் வந்ததாம். வெளியே போனவர் யார்? டென்னி ஹாம்லின்தான்.

அரங்கம் எழுந்து நின்றது. கார்ப் பந்தயமே பார்க்காதவர்கள்கூட அந்தக் காணொளியைப் பகிர்ந்தார்கள். ஆனால் சக ஓட்டுநர்கள் சிலர் முகம் சுளித்தார்கள், லார்சன் உட்பட. அதற்கு நியாயம் உண்டு: அடுத்த வாரம் பத்துப் பேர் இதையே செய்தால் ஒருவர் செத்துப்போவார். 2023 தொடக்கத்தில் நாஸ்கார், ஏற்கெனவே இருக்கும் பாதுகாப்பு விதியின்படி இனி இதற்குத் தண்டனை என்றது. சரியான முடிவு. ஆனால் ஒரு மனிதனை ஓர் இடத்துக்காகச் சுவரில் ஏறவைத்த புள்ளி முறை அப்படியே இருந்தது.

இருந்ததன் விளைவு 2024-இல் அதே தடத்தில் வந்தது. கடைசி இடத்துக்கு வில்லியம் பைரனும் கிறிஸ்டோஃபர் பெல்லும் மோதினார்கள். பைரனின் செவ்ரலேவுக்குப் பின்னால் இரண்டு செவ்ரலே கார்கள் அரண்போல் ஓடி, யாரும் அவரை முந்தாமல் பார்த்துக்கொண்டன. அந்தப் பக்கம் பெல்லின் டொயோட்டாவுக்கு இடம் கிடைக்க இன்னொரு டொயோட்டா திடீரென வேகம் குறைத்தது. கடைசி வளைவில் பெல்லின் கார் சுவரோடு ஒட்டி ஓடியது. ஏறக்குறைய அரை மணி நேரம் அதிகாரிகள் கூடிப் பேசி, அது சாஸ்டெய்ன் செய்த தவறுதான் என்று பெல்லைக் கீழே இறக்கி பைரனை உள்ளே அனுப்பினார்கள். உதவிய ஓட்டுநர்களுக்கும் அவர்களின் அணிகளுக்கும் லட்சம் டாலர் வீதம் அபராதம். அரங்கில் இருந்தவர்கள் யார் உள்ளே, யார் வெளியே என்று தெரியாமலே நின்றுகொண்டிருந்தார்கள். அழுகுணி ஆட்டம் என்ற சொல் நம் தெருக்களில் இதற்குத்தான்.

அதே ஆண்டு ஆகஸ்டில், புள்ளிப் பட்டியலில் 32-ஆவது இடத்தில் இருந்த ஆஸ்டின் டில்லன், 'வென்றால் உள்ளே' விதிக்காக ரிச்மண்டின் கடைசி வளைவில் இருவரை இடித்துத் தள்ளி வென்றார். வெற்றி அவருக்கே, ஆனால் பிளேஆஃப் எனப்பட்ட அந்தப் பதினாறு பேர் மோதலில் இடம் இல்லை என்றது நாஸ்கார். பதின்மூன்றே நாளில், 34-ஆவது இடத்தில் இருந்த ஹாரிசன் பர்ட்டன் டேட்டோனாவில் வென்று உள்ளே போனார். அவர் யாரையும் இடிக்கவில்லை, விதி கேட்டதைச் செய்தார். இருந்தும் பல ரசிகர்களுக்கு ஒப்பவில்லை.

திரும்பிய கதை

2010-களில் பல தடங்களில் இருக்கை வரிசைகளையே பெயர்த்தெடுத்தார்கள். அதற்கு விதி மாற்றம் மட்டுமே காரணம் என்று சொன்னால் அது மிகை. 2008-க்குப் பிந்தைய பொருளாதாரச் சரிவு, கார்டன், ஸ்டூவர்ட், எர்ன்ஹார்ட் ஜூனியர் என்று நட்சத்திரங்கள் அடுத்தடுத்து ஓய்வு பெற்றது, தொலைக்காட்சிப் பழக்கமே மாறியது எல்லாம் சேர்ந்ததுதான். ஆனாலும் போனவர்களிடம் கேட்டால் அவர்கள் முதலில் சொன்ன காரணங்களில் பிளேஆஃப் எப்போதும் இருந்தது. இதை விடாமல் சொல்லிக்கொண்டிருந்தவர் முன்னாள் ஓட்டுநர் மார்க் மார்ட்டின். ஐந்து முறை இரண்டாமிடம், ஒருமுறைகூடச் சாம்பியன் இல்லை. 1990-இல் கார்புரேட்டருக்குக் கீழே வைத்த ஒரு தகடு அனுமதித்ததைவிட அரை அங்குலம் கூடுதல் தடிமனாக இருந்ததற்காக 46 புள்ளி பறித்தார்கள். ஆண்டு முடிவில் 26 புள்ளியில் கோப்பை போனது. பழைய முறையில் அவ்வளவு அடிபட்டவர், அந்த முறைதான் நேர்மையானது என்று வாதாடினார்.

2026 ஜனவரி அறிவிப்பு மேடையில் அவரும் இருந்தார், விட்டுப்போன பழைய ரசிகர்களைத் திரும்பி வரும்படி கேட்டுக்கொண்டார். புதிய ஏற்பாட்டில் வெளியேற்றம் இல்லை, 'வென்றால் உள்ளே' இல்லை. 26 பந்தயங்களில் புள்ளி அடிப்படையில் முதல் பதினாறு பேர், பிறகு பத்துப் பந்தயங்களின் கூட்டுத் தொகை. வெற்றிக்கு 40-க்குப் பதில் 55 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 35. 2003-இல் ரசிகர்கள் கேட்டதும் ஏறக்குறைய இதுதான்.

36 பந்தயங்களையும் கூட்டித்தான் சாம்பியனைத் தீர்மானிக்க வேண்டும் என்ற கட்சிக்கு இது போதவில்லை. அவர்கள் கையில் இருக்கும் உதாரணம் 2007. அந்த ஆண்டு 26 பந்தயங்கள் முடிந்தபோது கார்டன் 300 புள்ளிகளுக்கு மேல் முன்னால் இருந்தார். சேஸ் தொடங்கியதும் புள்ளி திருத்தப்பட்டு, அதிக வெற்றி பெற்றிருந்த ஜான்சனுக்கு 20 புள்ளி பின்னால் போனார். இப்போதைய விதியில் அவர் 2100-இலும் இரண்டாமவர் 2075-இலும் தொடங்குவார்கள். ஆறு மாத உழைப்புக்கு 25 புள்ளி. ஒரு பந்தயத்தில் முதலுக்கும் இரண்டுக்கும் உள்ள இடைவெளியே 20. அதனால் அந்தக் கட்சியினர் 2026-க்கும் தங்கள் தனிப் பட்டியலைத் தொடர்கிறார்கள்.